முத்தியால்பேட்டை மாப்பிள்ளைக்கு, கோடாலி பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுவீடன் கோடாலியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரான்ஸ்ஃபோர்ஸ் என்ற பட்டறையின் கோடாலி. தலையில் சின்னதாக எழுத்துப் பொறித்திருந்ததே, கவனித்தாயா? அதை அடித்த கொல்லரின் பெயரெழுத்து அது. அங்கே அடித்தவர் தன் எழுத்தைப் பொறித்துத்தான் கோடாலியை வெளியே விடுகிறார். அதற்காகவே அந்தப் பட்டறைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் உன் பிரியாணிக் கடைக்கு அது வேண்டாம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பந்திக்கு ஆள் வந்துவிடும். விறகடுப்பு வைத்திருக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

தானே புயல் உனக்கு ஞாபகம் இருக்கும். 2011 டிசம்பர் 30. விடிந்து கதவைத் திறந்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. முந்திரி வேரோடு சாய்ந்திருந்தது. தாத்தா வைத்த பலா இடுப்பளவில் முறிந்து வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. மரம் அறுக்கிற மிஷின்காரர்கள் யாருக்கும் ஓய்வில்லை, கூப்பிட்டாலும் வர நாளாகும். டவுனுக்குப் போய்க் கடையில் ஒரு கோடாலி வாங்கி வந்தேன். சிவப்புப் பெயின்ட், வார்னிஷ் போட்ட காம்பு, பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு கணுவில் பட்டதும் வாய் பிறைநிலா மாதிரி பெயர்ந்து விழுந்தது. கடையில் காட்டினேன். "நாங்க அடிக்கலிங்களே, வர்றதை விக்கிறோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். யாரைக் கேட்பது என்று தெரியாமல் அந்த உடைந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டுதான் ஆசாரி பட்டறைக்குப் போனேன். அவர் உடைந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "தோய்ச்சதோட விட்டுட்டாங்க, பதம் இறக்கலை" என்றார். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த எஃகு விறைத்து உடையும், மெல்லச் சூடேற்றி அந்த விறைப்பைக் குறைப்பதுதான் பதம் இறக்குவது. வேறொன்றும் சொல்லவில்லை. லாரி வில்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து உலையில் போட்டார்.

அன்றைக்குப் பார்த்ததை உனக்கு அப்படியே சொல்ல ஆசை. பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு. வெயில் பட்டால் இரும்பு எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் கூரையைத் தாழ இறக்கியிருக்கிறார். அடித்து, துளை போட்டு, வாயைத் தட்டி இழுத்து முடித்த பிறகு, வாய்ப்பக்கத்தை மட்டும் செக்கச்செவேல் என்று காய்ச்சி, தொட்டித் தண்ணீரில் இரண்டு விரல்கடை தோய்த்தார். சொய்ங் என்று சத்தம். உடனே வெளியே எடுத்து, ஒரு செங்கல் துண்டால் வாயைப் பரபரவென்று தேய்த்தார். கறுப்பு போய் வெள்ளி மாதிரி பளிச்சிட்டது. "இப்ப பாருங்க" என்றார். பின்பக்கம் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி நகர்ந்து வர, அந்த வெள்ளைமேல் நிறம் ஏறியது. முதலில் வைக்கோல் மஞ்சள். அது பழுப்பாகி, கத்திரிப்பூ நிறமாகி, விளிம்பைத் தொட்ட நொடியில் முழுக் கோடாலியையும் தண்ணீரில் முக்கினார். மஞ்சளில் நிறுத்தினால் உளிக்கு ஆகும், கோடாலி வாய் உதிரும். நன்றாக நீலம் ஓடவிட்டால் வாய் மடங்கும். அந்த நிறத்துக்குக் காத்திருந்த நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. கோடாலியின் ஆயுசு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

"நம்ம ஊர் இரும்பு சீமை எஃகு மாதிரி வருமா" என்று கேட்டிருந்தாய். லாரி வில்பட்டை நல்ல எஃகு. பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்தது. இன்னொன்றும் தெரிந்துகொள். நம் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கனிமம், மரக்கரி உலை. ஆலை நிலைக்கவில்லை. அதே ஹீத் சீமைக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஆசாரி உலையில் வைக்கும் வில்பட்டையிலும் மாங்கனீஸ் இருக்கிறது. நம் கரையோரத்தில் இரும்பு உருக்கிக் கைசுட்டுக்கொண்ட மனிதர் அவர் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கும்.

காம்புக்கு நாட்டுக் கருவேலம்தான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார், மரத்தின் ரேகை கோடாலி வாய் போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் என்றைக்காவது முறிந்து தலை பறக்கும். காம்பு ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுகிற பழக்கம் நம் வீட்டிலும் இருந்தது. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட ஆடும். ஆப்பை இறுக்கித் தட்டு, இல்லையென்றால் புது ஆப்பு வை.

நீ எரிப்பது சவுக்கு. பச்சையாக இருக்கும்போதே பிளந்து காயப்போட்டுவிடு, சொன்னபடி கேட்கும். பிளக்கிற கோடாலிக்கு வாய் மெல்லிசாக இருக்கக் கூடாது. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தால்தான் மரத்தை இரண்டு பக்கமும் தள்ளும், மெல்லிசு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். கட்டையின் தலையில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதில் போடு. கணு இருந்தால் அதைக் கீழ்ப்பக்கம் வை. கோடாலியின் கனமே வேலை செய்யும், தோளை இறுக்காதே. புளியங்கட்டையோடு மல்லுக்கு நிற்காதே, அது பின்னிக்கொண்டு வளர்ந்த மரம்.

ஆசாரி அடித்துத் தந்த கோடாலியால்தான் வாசல் பலாவைத் துண்டு போட்டேன். உள்ளே மஞ்சள் நிறமாக, ஈரமாக இருந்தது. பலாப்பால் கோடாலி வாயில் ஒட்ட ஒட்ட மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே வெட்டினேன். அடிமரம் அறுப்புக்குப் போயிற்று. கிளைகளைப் பிளந்து, காய்ந்ததும் ஒரு டிராக்டர் நிறைய வடலூர் தருமசாலைக்கு அனுப்பினோம். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தாத்தா வைத்த மரம் அந்தத் தீயில் சேர்ந்ததில் உன் அம்மாச்சிக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆசாரியிடம் போய் வாய் தட்டி வாங்கியிருக்கிறேன். அவர் கையில் எடுத்ததும், "இது புயல் வருஷத்துது" என்பார். அவர் கோடாலியில் எழுத்து எதுவும் பொறிப்பதில்லை. தேவைப்பட்டதும் இல்லை.

உனக்கும் ஒரு கோடாலி அடிக்கச் சொல்லிவிட்டேன். தலை தயார். காம்பை மட்டும் நறுக்காமல் வைத்திருக்கிறார், உன் உயரமும் கையும் பார்க்க வேண்டுமாம். கடைக்கு விடுமுறை விடும் நாளில் பண்ருட்டி பஸ் ஏறி வா. மதியத்துக்குள் வந்துவிடு, சாயங்காலம் உலையை அணைத்துவிடுவார்.

அன்புடன்,
மாமா