கார் படத்தின் மேல் ஒரு கோடு

அனுப்புநர்: கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் (முகவரியும் ஆர்டர் எண்ணும் பில் நகலில் உள்ளன)

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்களுக்கானது' என்று விற்ற கூலிங் கிளாஸ் வண்டி ஓட்டவே ஆகாதது பற்றியும், பணத்தைத் திருப்பித் தரக் கோரியும்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் உங்கள் வெப்சைட்டில் 11,800 ரூபாய் கொடுத்து ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். 'ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்களுக்காகவே செய்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் கூரை திறந்த சிவப்புக் கார் படம் வேறு. அந்தப் படத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன், அதை மறைக்கவில்லை. ஐம்பத்திநாலு வயதில் செகண்ட் ஹேண்டில் ஒரு பி.எம்.டபிள்யூ இசட்4 வாங்கியவனுக்கு அந்த அளவு ஆசைகூட இருக்காதா?

ஆனால் ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. சாயங்காலம் கோவையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வாளையாறு தாண்டினால் மலை விலகிக் கணவாய் திறந்து கிடக்கும். இறங்குகிற சூரியன் நேராக முகத்தில் வந்து அடிக்கும். என் வண்டி தரையோடு ஒட்டியது. உள்ளே உட்கார்ந்தால் முன்னால் போகிற லாரியின் பம்பர் கண் மட்டத்தில் நிற்கும். வெயில் மறைக்கிற அட்டை உள்ளங்கை அகலம்தான். கூரையைத் திறந்தால் வெயிலோடு காற்றும் தூசியும் பக்கவாட்டில் புகுந்து கண்ணைக் கரிக்கும். நல்ல கண்ணாடி இல்லாமல் இந்த வண்டியைச் சாயங்காலத்தில் வெளியே எடுக்கவே முடியாது.

கண்ணாடி வந்த முதல் வாரமே ஒரு கூத்து. காரின் முன் கண்ணாடியில் ஸ்பீடு காட்டுகிற ஹெட்-அப் டிஸ்ப்ளே மங்கிப்போய், கடைசியில் காணாமலே போய்விட்டது. உங்கள் கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். "அது கார் ஃபால்ட் சார், ஷோரூம்ல காட்டுங்க" என்றார்கள். அரை நாள் வேலையைப் போட்டுவிட்டு சர்வீஸ் சென்டர் போனேன். அங்கிருந்த பையன் வண்டியைத் தொடவே இல்லை. "கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க சார்" என்றான். கழற்றினேன். ஸ்பீடு பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். உங்களுடையது போலரைஸ்டு லென்ஸ். ரோட்டிலும் பானெட்டிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது. இந்த லென்ஸ் அதைத்தான் வெட்டுகிறது. முன் கண்ணாடியில் பட்டு என் கண்ணுக்கு வரும் ஸ்பீடு எண்ணும் அதே மாதிரித் தெறித்து வரும் வெளிச்சம்தான். அதனால் அதையும் சேர்த்தே வெட்டிவிட்டது. போலரைஸ்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் அது போடுகிற போடு தனி. ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்று விற்கிறவர்கள், இப்படிப்பட்ட திரை இருக்கிற வண்டிக்கு இது ஒத்துவராது என்று ஒரு வரி எழுத வேண்டாமா?

சரி, இது தொந்தரவோடு போயிற்று. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது.

மார்ச்சில் நானும் என் மனைவியும் திருச்சூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஐந்து மணி இருக்கும். வெயில் எதிரே. குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தேன். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கும் உண்டு. ஆனால் நுழைந்த நொடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ கம்பளியை எடுத்து முகத்தில் போர்த்தியது போல இருந்தது. "ஏனுங்க, முன்னால லாரிங்க!" என்று அவள் கத்தியது கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். ஒரு கையால் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் லாரி தெரிந்தது. அதன் பின்விளக்கில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. இடைவெளி எவ்வளவு என்று இன்றைக்கும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வண்டியை விற்கச் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதில் மாட்டும் கையின் உள்பக்கம் கடுகு அளவில் 4 என்று ஒரு எண். பெட்டியின் அடியில் நாலாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. அதில் பல பாஷையில் ஏதேதோ எழுதி, ஓரத்தில் ஒரு குட்டிக் கார் படம். காரின் மேல் குறுக்கே ஒரு கோடு.

கூலிங் கிளாஸுக்கு ஐ.எஸ்.ஓ 12312-1 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரிக்கிறார்கள். 2ஆம் வகை 18 முதல் 43 சதவீதம் வரை விடும். 3ஆம் வகை 8 முதல் 18 வரை. 4ஆம் வகை 3 முதல் 8 சதவீதம்தான் விடும். பனிமலைக்கும் அதுபோன்ற கண்கூசும் இடங்களுக்கும் உரியது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. அதற்கான அடையாளம்தான் கோடு போட்ட கார். ஆக, வெப்சைட்டில் கார் படம் போட்டு விற்றதும் நீங்கள்தான், பெட்டிக்குள் அதே காரின் மேல் கோடு போட்டு அனுப்பியதும் நீங்கள்தான்.

நான் முப்பது வருடமாக பம்ப்செட் செய்து விற்கிறேன். 3 எச்.பி மோட்டாரில் 5 எச்.பி என்று பிளேட் அடித்து அனுப்பினால், வாங்கின விவசாயி பம்பைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கே வந்துவிடுவார். வரவும் வேண்டும்.

நானும் வந்தேன், மெயிலில். "டார்க்கா இருந்தா வெயில் நல்லாத் தாங்கும் சார்" என்று ஒருவர் போனில் விளக்கினார். இன்னொருவர், பிரித்த பொருளுக்குப் பணம் கிடையாது, வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்றார். மேலே 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வெயிலுக்குத் தானே கறுக்கும் கண்ணாடியை அனுப்பினீர்கள். 'ஓட்டுநர்களுக்கு மிகவும் ஏற்றது' என்று மெயிலிலும் எழுதினீர்கள். வாசலில் நின்றால் அழகாகக் கறுக்கிறது. கூரையை மூடி வண்டியில் உட்கார்ந்தால் வெறும் கண்ணாடிதான். அந்த லென்ஸ் கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரை அது அநேகமாக முழுசாகத் தடுத்துவிடும். அப்புறம் லென்ஸ் எதைப் பார்த்துக் கறுக்கும்? சரி, கூரையைத் திறந்து ஓட்டலாம் என்றால் கறுக்கத்தான் செய்கிறது, ஆனால் தெளிய சில நிமிடங்கள் பிடிக்கிறது. குதிரான் சுரங்கம் அதுவரை காத்திருக்காது.

இதையும் எழுதினேன். பதிலுக்கு 500 ரூபாய் கூப்பன் வந்தது. எதற்கு? இரவில் ஓட்டப் போடுகிற மஞ்சள் கண்ணாடி வாங்க! இருக்கிற வெளிச்சமே போதாத நேரத்தில் அதிலும் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கிற லென்ஸ். இதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். குதிரானுக்குப் பிறகு இந்தக் கண்ணாடி விஷயத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

கடைசியில் எங்கள் ஊர் ஆப்டிகல்ஸ் கடை ஒன்றில் விஷயம் முடிந்தது. கடைக்காரர் முதலில் என்ன வண்டி, கூரை திறப்பீர்களா, திரை என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். பழுப்பு நிறம், 3ஆம் வகை, போலரைஸ்டு இல்லாதது, முகத்தோடு வளைந்து காற்றைத் தடுக்கிற ஃபிரேம். கை ஒல்லியாக இருந்தால்தான் பக்கத்தில் வருகிற பைக் தெரியும் என்று அதையும் பார்த்து எடுத்தார். உங்களுடையதன் கை என் கட்டைவிரல் அகலம். சிக்னல் விளக்கின் நிறம் மாறாமல் தெரிகிறதா என்று வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். 3,600 ரூபாய். உங்கள் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. 11,800, 2,400 ஆக மொத்தம் 14,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அடுத்து, அந்த 4ஆம் வகைக் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து கார் படத்தை எடுத்துவிட்டு, எந்த வகை என்பதை விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் மெயில் அனுப்புங்கள். தள்ளுபடி என்றால் தினம் மூன்று மெயில் அனுப்புகிற உங்களுக்கு இது சிரமம் இல்லை.

ஆன்லைன் விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். என் முதல் புகார் போய் ஏழு வாரம் ஆகிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம் என்று கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணமும் கிடையாது.

பில் நகல், எண் 4 தெரிகிற போட்டோ, கோடு போட்ட கார் இருக்கிற துண்டுச்சீட்டின் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். துண்டுச்சீட்டின் அசல் என்னிடமே இருக்கும். இரண்டாவது கண்ணாடி பெட்டியோடு தயாராக இருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பினால் கொடுத்துவிடுவேன், அந்தச் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்