ஹீலியோபேட்டிஸ் இன்றைய திருக்கைகளின் மூதாதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் அறிவியல் பக்கத்தில் ஒரு திருக்கையின் புதைபடிவப் படம் போட்டிருந்தீர்கள். வட்டமான உடல், நீண்டு மெலிந்த வால், வாலில் முள், விரிந்து கிடக்கும் துடுப்புக் கதிர்கள் எல்லாமே தெளிவாகத் தெரிந்த அருமையான படம். தேடி எடுத்துப் போட்டவருக்கு முதலில் நன்றி. ஆனால் அதன் கீழே 'டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த, இன்றைய திருக்கைகளின் மூதாதை' என்று ஒரு வரி இருந்தது. காலம், இடம், உறவு மூன்றுமே அந்த வரியில் தவறு. பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பக்கம் அது, அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது ஹீலியோபேட்டிஸ் ரேடியன்ஸ். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கெம்மரர் என்ற ஊரையொட்டிக் கிடைப்பது. கிரீன் ரிவர் படிவம் என்று சொல்லப்படும் மெல்லிய அடுக்கடுக்கான சுண்ணாம்புக் கல்லில் இருந்து வருகிறது, வயது சுமார் 5.2 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, நடுவில் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகள் இருக்கின்றன. அப்புறம் அது கடலும் இல்லை, நன்னீர் ஏரி. அதே கல்லில் முதலை, ஆமை, பனை வகை ஓலை, வௌவால்கூடக் கிடைத்திருக்கின்றன. இன்று பனி கொட்டும் அந்த மேட்டுநிலம் அப்போது வெதுவெதுப்பான இடமாக இருந்தது. திருக்கைக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான், அது சீக்கிரம் மட்கிவிடும். அப்படியிருந்தும் முழு உடலும் கல்லில் நின்றதற்குக் காரணம் ஏரியின் அடியில் படிந்த நுண்ணிய சுண்ணாம்புச் சேறுதான். ஆண் திருக்கையின் புணர்ச்சி உறுப்புகள்கூடக் கல்லில் தெரிவதால் எது ஆண், எது பெண் என்று சொல்லிவிட முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உறவு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். வகைப்பாட்டில் இது குருத்தெலும்பு மீன்களின் வகுப்பு, அதற்குள் சுறாவும் திருக்கையும் சேர்ந்த பிரிவு, அதற்குள் திருக்கைகள், அதற்குள் வாலில் முள்ளுள்ள திருக்கைகளின் வரிசையான மிலியோபேட்டிஃபார்மீஸ். இதுவரைக்கும் இன்றைய முள் திருக்கைகளோடு ஒன்றாகவே வருகிறது. அதற்குக் கீழே போகும்போது இது ஹீலியோபேட்டிடே என்ற தனிக் குடும்பமாகப் பிரிகிறது, அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு யாரும் இல்லை. திருக்கைகள் ஜுராசிக் காலத்திலேயே தோன்றிவிட்டன. ஹீலியோபேட்டிஸ் ஏரியில் நீந்திக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே இத்தாலியின் மோன்டே போல்கா பகுதிக் கடலில் வேறு முள் திருக்கைகள் பல வகையாக இருந்தன, அவையும் கல்லில் கிடைத்திருக்கின்றன. அதாவது கிளைகள் அதற்குள் பிரிந்து முடிந்திருந்தன. இதைப் போய் மூதாதை என்பது, பிள்ளை இல்லாமல் போன ஒன்றுவிட்ட பெரியப்பாவைச் சொந்தத் தாத்தா என்று சொல்வது மாதிரி. பழையது என்பதாலேயே எதுவும் மூதாதை ஆகிவிடாது.

பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, அதையும் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1877-ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஓத்னியல் மார்ஷ் இதற்கு ஹீலியோபேட்டிஸ் ரேடியன்ஸ் என்று பெயர் வைத்தார். அவருக்கும் இன்னொரு ஆய்வாளரான எட்வர்ட் காப்புக்கும் புதைபடிவம் சேர்ப்பதில் கடும் போட்டி இருந்த காலம் அது. 1879-ல் காப் அதே திருக்கைக்கு ஜிஃபோட்ரைகன் அக்யூட்டிடென்ஸ் என்று வேறொரு பெயர் வைத்தார். ஒரே உயிரினம் என்று தெளிவான பிறகு, முதலில் முறைப்படி வெளியான பெயரே நிற்கும் என்ற விதிப்படி மார்ஷ் வைத்தது நின்றுவிட்டது.

அதைவிட முக்கியமானது 2004-ல் நடந்தது. கார்வால்ஹோ, மைசி, கிராண்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஏரியின் திருக்கைகளை எல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்து, அங்கே ஒன்றல்ல, இரண்டு வகை இருந்தன என்று காட்டினார்கள். இரண்டாவதற்கு அஸ்டெரோட்ரைகன் மாலோனியை என்று பெயரிட்டார்கள். அதன் வால் தடித்தது, முள்ளுக்கு முன்னால் சின்ன முதுகுத்துடுப்பும் உண்டு. ஹீலியோபேட்டிஸின் வாலில் அந்தத் துடுப்பு இல்லை. இரண்டும் ஒரே ஏரியில் வாழ்ந்தவை, ஆனால் அவர்களுடைய ஆய்வில் ஒரே கிளையில் வரவில்லை. இன்று அமேசான் ஆறுகளில் இருக்கும் நன்னீர்த் திருக்கைகளின் குடும்பத்திலும் இரண்டும் சேரவில்லை. 2022-ல் கம்போடியாவின் மேக்காங் ஆற்றில் 300 கிலோ எடையில் ஒரு திருக்கை பிடிபட்டதே, அது இன்னொரு குடும்பம். கடலில் இருந்து நன்னீருக்கு வருவது ஒரே ஒருமுறை நடந்த சங்கதி அல்ல, வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக வந்திருக்கின்றன. 'மூதாதை' என்று எழுதிவிட்டால் இந்த அழகான விஷயம் அப்படியே மறைந்துபோகிறது, அதுதான் என் வருத்தம்.

பல் மட்டும் கிடைத்து உடல் கிடைக்காதபோது எவ்வளவு குழப்பம் வரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அரியலூர் வட்டாரத்தின் காரை படிவத்தில் டைகோடஸ் என்ற மீனின் பற்கள் கிடைத்திருக்கின்றன. தட்டையான, அரைக்கும் பற்கள். அவற்றை வைத்து அந்த மீனைத் திருக்கை என்று சொன்னவர்களும் உண்டு. மெக்சிகோவின் வயெசீயோவில் கிடைத்த முழு உடல்களை வைத்து 2024-ல் வெளிவந்த ஆய்வு, அது சுறாதான் என்று தெளிவாக்கியது. ஹீலியோபேட்டிஸுக்கு முழு உடலே இருக்கிறது, ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். ஓரமாகப் பொடி எழுத்தில் வேண்டாம், பிள்ளைகள் கண்ணில் படாது. முடிந்தால் அஸ்டெரோட்ரைகன் படத்தையும் பக்கத்தில் போட்டு, இரண்டு வால்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி