கொரங்காடும் கடவுச்சீட்டும்

காங்கயம்,
தை 5.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் மார்கழிக் கடைசியில் வந்து சேர்ந்தது. கனடாவில் தங்கியிருக்க வேண்டிய 1,095 நாள் கணக்கு நிறைந்துவிட்டதென்றும், குடியுரிமைக்கு எழுதிப் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்களென்றும் எழுதியிருந்தாய். ஆஸ்திரேலியாவில் நான் அந்தப் படியைத் தாண்டி வரும் 26ஆம் தேதியோடு ஏழு ஆண்டு ஆகிறது. போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் போடு என்று சொல்லியிருப்பேன். நேற்றுப் பத்திர எழுத்தரின் திண்ணையில் இரண்டு மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்ததால் பதில் கொஞ்சம் நீளும்.

தேர்வை நினைத்துப் பயப்படாதே. உங்கள் நாட்டில் இருபது கேள்வியில் பதினைந்து சரியாக இருந்தால் போதும்; நான் எழுதியபோது எங்கள் நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் புத்தகத்தை நெட்டுருப் போட்ட நமக்கு அதெல்லாம் ஒரு பொருட்டல்ல.

உறுதிமொழி எடுத்த நாள்தான் மனத்தில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்களே 1949 ஜனவரி 26 வரை சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டும்தாம். அன்றுதான் அந்நாட்டுக் குடியுரிமை என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் நாம் குடியரசானோம். 2019இல் அந்த நாளில்தான் நகராட்சி மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடவுளின் பெயரால் சொல்வதா, அந்தச் சொல் இல்லாமல் சொல்வதா என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். நான் கடவுளைச் சேர்த்துக்கொண்டேன், மனத்துக்குள் நினைத்தது நம் சிவன்மலை முருகனை. முடிந்ததும் கையில் அந்நாட்டுச் செடியொன்றைக் கொடுத்தார்கள். ஆளாளுக்கு மற்றவர் தண்ணீர் ஊற்றுவார் என்று இருந்ததில் அது மூன்றாம் மாதமே காய்ந்துபோனது. இதில் சகுனம் ஏதும் பார்க்காதே.

அந்த ஆண்டு ஏப்ரல் 18இல் இங்கே ஊரே ஓட்டுப் போட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 18இல், நான் அங்கே முதன்முறையாகப் போட்டேன். அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். கீழவைச் சீட்டில் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டு வர முடியாது. எல்லாருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட வேண்டும். பள்ளிக்கூட வாசலில் சாஸேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கித் தின்றுகொண்டே என்னை அறியாமல் இடது ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தேன். மை இல்லை. அந்த வெறும் விரலைப் பார்த்தபோது ஏற்பட்ட திகைப்பு, நம் கடவுச்சீட்டில் ரத்து முத்திரை விழுந்தபோதுகூட ஏற்படவில்லை.

இனி நேற்றைய கதை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. தாராபுரம் சாலையில் இருக்கும் ஆறு ஏக்கர் கொரங்காட்டை, அதாவது எங்கள் மேய்ச்சல் காட்டை, உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்குச் செட்டில்மென்ட்டாக, தானப் பத்திரமாக, எழுதி வைத்துவிட வேண்டும் என்று இந்தப் பொங்கலுக்கு வந்ததிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். உனக்கு அந்தக் காடு தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். பள்ளி விடுமுறையில் நாம் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு நாள் முழுக்கப் பழமை பேசிக் கிடந்த இடம். இப்போதும் வேலியில் சந்து விழுந்தால் அப்பா தாமே கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றி அடைக்கிறார். ஆளை விட்டால் ஆழமாக ஊன்ற மாட்டார்களாம்.

பத்திர எழுத்தர் பட்டாவையும் சிட்டாவையும் புரட்டிவிட்டு, என் அடையாள அட்டையைக் கேட்டார். ‘வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்’ என்று பெயரிட்டு, பிற நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் கொடுத்தேன். பெயரில்தான் குடிமகன், வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், ஓட்டுக் கிடையாது, அரசு வேலை கிடையாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி வெளிநாட்டுப் பிரஜைங்களா? அப்ப விவசாய பூமியத் தானமா எழுத முடியாதுங்க” என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “என்ற பையன் எப்படிங்க வெளிநாட்டுக்காரன் ஆவான்?” என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை; உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

எழுத்தர் பொறுமைசாலி. வீடோ மனையோ என்றால் எனக்குக் கொடையாகத் தரலாம், தோட்டத்தையும் காட்டையும் நான் விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது, வாரிசாக மட்டுமே அடையலாம் என்று விளக்கினார். அதாவது அப்பா கையால் நான் அந்தக் காட்டை வாங்கிக்கொள்ள வழியில்லை. அவர் கண்ணை மூடிய பிறகுதான் அது எனக்கு வரும். இதை அவர் எதிரிலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு முக்கியமான பகுதி இதுதான். இந்தத் தடைக்குக் காரணம் குடியுரிமை மாறியதுதான் என்று நானும் நினைத்தேன். இல்லையாம்; இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவனுக்கும் இதே விதிதான். ஆகையால் மண்ணைப் பொறுத்தவரை நான் விலகியது உறுதிமொழி எடுத்த அன்றைக்கு அல்ல, வேலைக்கென்று விமானம் ஏறிப் போய் அங்கேயே தங்கிவிட்டபோதே. ஆனால் நீ நாளைக்கே இந்தியக் குடிமகனாகத் திரும்பி வந்து இங்கேயே தங்கிவிட்டால் உனக்கு அந்தத் தடை போய்விடும். குடியுரிமை மாறிய பிறகு அது சுற்றுவழி: ஓசிஐ அட்டை வாங்கி ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இங்கே பன்னிரண்டு மாதம் தங்கியிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாட்டுக் குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருக்க, அந்த வழியில் நான் எப்போது நடக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எழுதிக் கொடுத்து நீக்கியாகிவிட்டது. குலதெய்வக் கோயில் நோட்டில் மட்டும் இன்னும் ஒரு தலைக்கட்டாக இருக்கிறேன். இந்த ஆண்டு வரியையும் கறாராக வசூலித்துவிட்டார்கள்.

கடைசியில் உயில் எழுதுவது என்று முடிவாயிற்று. சாட்சிக்கு இருவர் வேண்டும்; பெரியப்பா மகனும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வருகிறார்கள். வருகிற வியாழக்கிழமை போகிறோம். வீடு திரும்பும் வழியில் அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காட்டருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தெற்கு வேலியில் ஒரு சந்தைக் காட்டி, அடுத்த மழைக்குள் அங்கே போத்து ஊன்ற வேண்டும் என்றார்.

நீ விண்ணப்பம் போடாதே என்று நான் சொல்ல வரவில்லை. போடுவதற்கு முன் உங்கள் தோட்டத்துப் பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது, அப்பாரு காலத்துப் பெயரிலேயே கிடக்கிறதா என்று உன் அண்ணனிடம் கேட்டு எனக்கு எழுது. பிப்ரவரி முதல் வாரம் வரை இங்கேதான் இருப்பேன். எழுத்தரிடம் போய் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்