கோழி ‘தூங்கினால்’ முதல் இரண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்கட்டிலும் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. தீவனம், கூண்டு, முட்டை பற்றியெல்லாம் நிறைய எழுதுகிறார்கள். ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்று ‘தூங்க’ ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதை விவரமாக எழுதுவோர் குறைவு. பிழைத்திருக்க வேண்டிய கோழி, பதற்றத்தில் செய்யும் கைவைத்தியத்தாலேயே செத்துப்போகிறது.

தொட்டுப் பார்த்து, “உடம்பு கொதிக்குது” என்று பாராசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுப்பது முதல் தவறு. கோழியின் இயல்பான உடல்சூடே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நல்ல கோழியைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். சோர்ந்த கோழி இறகைச் சிலிர்ப்பதே உள்ளே காற்றைப் பிடித்துவைத்துச் சூட்டைக் காத்துக்கொள்ளத்தான்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம்: அலகைப் பிளந்து, பூண்டுச் சாறோ வெங்காயச் சாறோ சங்கில் எடுத்து ஊற்றிவிடுவது. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால், நாக்குக்குப் பின்னால் நடுவில் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். ஊற்றுவது நேராக அதற்குள் போகிறது. கறகறவென்று சத்தம் வந்து, சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பழி நோயின் மேல் விழும்.

தண்ணீர் புகட்டச் சரியான வழி, ஊசி கழற்றிய சிரிஞ்ச்தான். கோழியைத் துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தி வைத்து, அலகின் ஓரத்தில் அரை மில்லி விட வேண்டும். அது தானே நக்கி, தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு 10 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை இரண்டு லிட்டரில் கரைத்துக் கொடுக்கலாம். கோழிக்கு உப்பு மிஞ்சக்கூடாது. அதுவும் ஓரிரு நாளுக்குத்தான், தினமும் புதிதாகக் கலந்து. தலையைத் தூக்க முடியாமல் மயங்கிக் கிடக்கும் கோழிக்கு வாயில் எதுவுமே விடக்கூடாது.

கோழியைக் கூட்டத்திலிருந்து பிரிப்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. நோய் பரவும் என்பது ஒரு காரணம். சோர்ந்ததை மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும் என்பது இன்னொன்று. இரண்டடிக்கு இரண்டடி அட்டைப்பெட்டி போதும். அடியில் செய்தித்தாள் விரித்தால் (உங்கள் நாளிதழ் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்) எச்சத்தின் நிறம் தெளிவாகத் தெரியும். கால் வலுவில்லாத கோழிக்குத் தாள் வழுக்கும், அதற்குச் சாக்கு விரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடலாம். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். எல்.இ.டி. பல்பை எரியவிட்டு ‘சூடு கொடுத்தோம்’ என்பவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான் வரும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். சித்திரை, வைகாசியில் கதை தலைகீழ்: ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வாயைப் பிளந்து, சிறகை விரித்து இரைக்கும் கோழிக்கு வேண்டியது நிழலும், காலை நனைக்கிற அளவு சாதாரணத் தண்ணீரும்தான். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது.

உடம்பு சூடேறி, நீர்ச்சத்தும் கொஞ்சம் சேர்ந்த பிறகே தீனி. குளிர்ந்து வறண்ட உடம்பில் தீனி செரிக்காமல் இரைப்பையிலேயே (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) கிடந்து புளிக்கும். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவையும் குருணைத் தீவனத்தையும் வெதுவெதுப்பான நீரில் குழைத்து வைத்தால் பெரும்பாலும் தானே கொத்தும்.

இந்த இடைவெளியில் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். கழுத்தடியில் நெஞ்சின் வலப்பக்கம் இரைப்பை இருக்கிறது. இரவு நிரம்பியது விடிகாலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்போல இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தொளதொளத்து, வாயில் புளித்த வாடை அடித்தால் புளிப்பு. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து, அங்கேயும் நுரையீரல்தான் நிரம்பும். அடுத்து நெஞ்செலும்பு. இருபக்கமும் சதை இல்லாமல் கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தால், நோய் இன்று வந்ததல்ல, வாரக்கணக்காக இருக்கிறது. இறகு அதை மறைத்திருக்கிறது. சிறகடியையும் பின்புறத்தையும் விலக்கிப் பேன், செல் என்கிற சிறு பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செல் பகலில் மரச்சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் டார்ச் அடித்தால்தான் தெரியும்.

எச்சத்தில் வெள்ளை கண்டதுமே ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று பயப்பட வேண்டாம். நல்ல எச்சத்தின் மேலேயும் வெள்ளைத் தொப்பி இருக்கும். அது கோழியின் சிறுநீர் உப்பு. இடையிடையே பழுப்பாகப் பிசுபிசுவென்று நாற்றத்துடன் ஒன்று போடுவதும் இயல்பே. பச்சை நீராகப் போனால் பெரும்பாலும் கோழி சில வேளையாகத் தீனி எடுக்கவில்லை என்று பொருள். குஞ்சுகளிடம் ரத்தம் கலந்து வந்தால் ரத்தக்கழிச்சல். ஈரமான படுக்கையில் வரும் இந்த நோய்க்கு மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதித் தருவார். அது கொடுக்கும் நாட்களில் ‘தெம்புக்கு’ என்று பி காம்ப்ளக்ஸ் சேர்க்கக்கூடாது. கிருமிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்வதுதான் அந்த மருந்தின் வேலையே.

முட்டையிடும் பெட்டை நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். 38 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் வயிறு வரை 20 நிமிடம் உட்காரவைத்துத் துடைத்து, பின்வாயில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விட வேண்டும். 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையில் பாதியைப் பொடித்துத் தீனியில் கலக்கலாம். வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளேயே உடையும். ஓடு கிழித்துச் சீழ் பிடிக்கும். ஒரு நாளில் வராவிட்டால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

கொண்டையில் கொப்புளம் வந்தால் அம்மை. நம் ஊர்க் கொசுதான் இதையும் பரப்புகிறது, கூண்டுக்கு வலை கட்டாமல் தீராது. பொருக்கை உரிக்கக்கூடாது; நோய்க்கிருமி அதில்தான் இருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, கண் ஒட்டிக்கொள்ளாமல் துடைத்துவிட்டு, தீனி எடுக்கவைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தேறிவிடும். முகம் வீங்கி மூக்கில் நாற்றமடிக்கும் சளிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். எது, எத்தனை நாள், முட்டையை எப்போது சாப்பிடலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்குவது வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கோழியையும் கொண்டுபோகலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று சட்டென்று செத்தால் மட்டும் எதையும் தூக்கிக்கொண்டு அலையாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

எந்தக் கவனிப்புக்கும் அடங்காதது ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்). பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து திருகும். மருந்து கிடையாது. பிழைத்ததற்கும் கழுத்து திருகியே நிற்கலாம். ஆழமான கிண்ணத்தில் தீனி வைத்து வாரக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் சிறகடியில் ஊசி என்று போட்டிருந்தால் இந்தப் பாடு வராது. சிக்கல் எங்கே என்றால், தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழி கணக்கில் வருகிறது. கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்?

ஆண்டுதோறும் பிப்ரவரியையொட்டி மாவட்டங்களில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை அதைச் சென்னை மாநகராட்சி வார்டுகளிலும் நாள், இடம் குறித்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒரு தெருவில் இருபது வீட்டுக் கோழிகளைக் கூடையில் கொண்டுவந்தால் ஒரு குப்பி வீணாகாது. அந்த நாள் விவரம் தெரிந்ததும் உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை – 11