கயலுக்கு ஒரு கடிதம்

ஓஸ்பிதலெத், பார்சிலோனா

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவில் இருக்கும் மரியா விசென்தே இந்த ஊர்க்காரர்தான். ஹெப்டத்லான் வீராங்கனை, அதாவது ஏழு தடகளப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கும் பிரிவு. 2001-இல் பிறந்தவர். அவரைப் பற்றிப் போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே பள்ளிக்கூட பி.டி. வாத்தியாரை நம்பி யாரும் இருப்பதில்லை. பிள்ளைகள் ஊர் கிளப்பில் சேர்ந்து, வருடா வருடம் தடகளச் சங்கத்தில் உரிமம் எடுத்துப் போட்டிக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் சபதேல் உள்ளரங்கம். உள்ளரங்கில் பெண்களுக்கு ஐந்தே போட்டி, ஒரே நாளில் முடிந்துவிடும். வெளியில் என்றால் ஏழு, இரண்டு நாள்.

இணையத்தில் சுற்றும் மரியாவின் வீடியோக்கள் பெரும்பாலும் தடை ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான். குண்டு எறிவதை யார் பகிர்கிறார்கள்? படத்துக்குக் கீழே முகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் புள்ளிப் பட்டியலைத் திறந்தே பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

மரியாவுக்கு 2017-இல் நைரோபியில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம். அடுத்த ஆண்டு ஹங்கேரியின் கியோரில் 6221 புள்ளி, 18 வயதுக்குட்பட்டோரில் அப்போது உலகிலேயே சிறந்தது. அதே 2018-இல் இளையோர் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிப் பிரிவே இல்லை. மும்முறைத் தாண்டுதலில் இறங்கித் தங்கம் வாங்கினார். 2019-இல் ஸ்வீடனின் போரோஸில் 20 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டம், 6115 புள்ளி. குறைந்துவிட்டதே என்று நினைக்காதே. 18-க்குக் கீழே குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம், தடை 76.2 செ.மீ. அந்த வயதைக் கடந்தால் 4 கிலோ, 600 கிராம், 84 செ.மீ. உனக்கும் அடுத்த வருடம் இதேதான் வரும். இப்போதே வாரம் ஒரு நாளாவது 4 கிலோவைத் தொட்டுப் பழகு.

கணக்கையும் தெரிந்துகொள். குண்டு 12 மீட்டருக்கு 661 புள்ளி, 13-க்கு 727. அந்த ஒரு மீட்டருக்கு ஈடுகட்ட 800 மீட்டரில் கிட்டத்தட்ட ஐந்து விநாடி குறைக்க வேண்டும். 2:15-ஐ 2:14 ஆக்கினால் கிடைப்பது 14 புள்ளிதான். உயரம் தாண்டுதலில் 1.77-க்கு 941, 1.80-க்கு 978. கம்பி மூன்று மூன்று சென்டிமீட்டராகத்தான் ஏறும். நீளம் தாண்டுதலில் மூன்றே வாய்ப்பு. மூன்றும் ஃபௌல் என்றால் பூஜ்யம். ஆறு மீட்டர் தாண்டுபவளுக்கு 850 புள்ளி அதோடு போச்சு. அதனால் முதல் தாண்டலுக்கு ஓட்டத் தொடக்கத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி வை, பலகைக்கு முன்னாலேயே மிதித்தாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு போட்டியில் இறங்காமல் விட்டால் மீதியிலும் விடமாட்டார்கள்.

2024 மார்ச்சில் கிளாஸ்கோ உலக உள்ளரங்கப் போட்டியின் நடுவில் மரியாவுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. பாரிஸ் ஒலிம்பிக் போயிற்று. ஸ்பெயினில் விளையாட்டு உதவித்தொகை பெரிய போட்டிகளில் எடுத்த இடத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். களமிறங்காத வருடத்தில் விளம்பரதாரர்களும் கைகொடுக்கலாம். அந்த அளவில் இணையப் புகழுக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. நீயும் காலையில் குதிகால் விறைப்பாக இருந்தால் அன்று தாண்டாதே, கோச்சிடம் சொல்லிவிடு.

உன் ஏழு அளவுகளையும் எழுதி அனுப்பு, புள்ளி போட்டுச் சொல்கிறேன். ஈட்டியை மறைக்காதே. அப்பாவுக்கு மருந்து வாங்கப் பணம் போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அண்ணன்