செல்விக்கு, ஆண்டு விழாவுக்கு முன்

அன்புள்ள செல்வி,

ஊறுகாய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. சொட்டு மருந்து விடும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெரியவனுக்கு இன்னும் வரன் அமையவில்லை, அதைக் கேட்காதே. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தப்புதான். நேரில் வரும்போது திட்டிக்கொள்.

இப்போது கையோடு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உன் ரெண்டாவது கடிதம். நம்ம பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நீ சிறப்பு விருந்தினர்! தேங்காய்மூடி சார் இருந்திருந்தால் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அடுத்த வரியிலேயே, ‘எனக்கு மேடை வராதுடி, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். சொல்லிப் பார். சைக்கிள் செயின் விஷயத்தை மறுநாளே தலைமை ஆசிரியைக்கு எழுதிப் போட்டுவிடுவேன்.

பேச்சு பிறவியிலேயே வரவேண்டும் என்கிறாயே, அது சரியில்லை. 1847 டிசம்பர் 31-ஆம் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன் பல வருஷம், யாழ்ப்பாணத்தில் இருந்த கிறிஸ்தவ மிஷனரி பெர்சிவல் பாதிரியாரோடு வேலை பார்த்தவர் அவர். பாதிரிமார் எப்படிப் பிரசங்கம் செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அந்த முறையை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். நாவலர் என்று பட்டம் பெற்றவரே பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. உனக்கும் எனக்கும் மட்டும் ஏன் வராது?

அதோடு, உனக்கு இது பாதி ஏற்கெனவே வந்துவிட்டது. நீ நர்ஸ் வேலை பார்க்கிற வார்டில், வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையின் தாய்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய், யோசித்துப் பார். முதலில் அவள் கண்ணைப் பார்க்கிறாய். பாக்கெட்டைக் கையில் எடுத்துக் காட்டுகிறாய். ‘ஒரு பாக்கெட் முழுசும், ஒரு லிட்டர் தண்ணி. டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடக் கூடாது.’ ஏன் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறாய்: தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும், குழந்தைக்கு ஆபத்து. கடைசியில், ‘இப்ப நீ எனக்குத் திருப்பிச் சொல்லு பார்க்கலாம்’ என்கிறாய். ஒரு பொருள், ஒரு செய்தி, ஒரு காரணம், கேட்டவள் வாயாலேயே ஒரு தடவை. மேடையில் செய்ய வேண்டியதும் இதேதான். அங்கே எண்ணூறு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் ‘கல்வியின் சிறப்பு’, ‘ஒழுக்கம்’ என்றெல்லாம் தேடிக்கொண்டு போகாதே. அந்தப் பாக்கெட்டையே கொண்டு போ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள். மேடையிலேயே பிரித்துக் கொட்டிக் கலக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் எதையாவது எடுத்துக் காட்டினால் அவர்கள் கழுத்து தானாக நீளும். வெறுமனே அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் ரெண்டாவது நிமிஷம் மண்ணைக் கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். அது தெரிந்ததும் சத்தத்தைக் கூட்டாதே. கேள்வி கேள். ‘யார் வீட்டுல தம்பி தங்கச்சி இருக்காங்க?’ என்று கேட்டு நீ முதலில் கையைத் தூக்கு, அவர்களும் தூக்குவார்கள். கையைத் தூக்கினால் போதும் என்கிற கேள்வியாக இருக்கட்டும். வாய்விட்டுப் பதில் சொல்ல வைக்கிற கேள்வி கேட்டால் எண்ணூறு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள், அப்புறம் அடக்கவே முடியாது.

எவ்வளவு நேரம்? ஏழு நிமிஷம். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிஷத்துக்கு 80, 90 சொல்தான் போகும். ஆக மொத்தம் 600 சொல். கையெழுத்தில் நாலு பக்கம் வரலாம். உன் வேகம் உனக்குத்தான் தெரியும், கடிகாரத்தை வைத்து ஒரு பக்கம் வாய்விட்டு வாசித்து அளந்துகொள். கூடவே நாலு நிமிஷத்துக்கு ஒன்றும் கட்டாயம் தயார் செய். ஆண்டறிக்கை, பரிசளிப்பு எல்லாம் இழுத்துக்கொண்டே போய், உன் முறை வரும்போது எட்டு மணி ஆகியிருக்கும். நடனப் பிள்ளைகள் ஒப்பனை கலைய மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சுருக்குவதற்கு எதை விடுவது என்று மேடையில் நின்று யோசித்தால் முக்கியமானதுதான் விட்டுப்போகும். எந்த இரண்டு பகுதியை விடுவது என்று வீட்டிலேயே கோடு போட்டு வை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செல்வி, இதை மட்டுமாவது ரெண்டு தடவை படி.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இந்தத் தண்ணியை மறுநாள் வரைக்கும் வச்சிருந்து குழந்தைக்குக் குடுக்க’ என்பது வரைக்கும் கேட்டவளுக்கு ஒன்றுமே தெரியாது. ‘லாம்’ என்கிறாயா, ‘க் கூடாது’ என்கிறாயா என்பது கடைசித் துணுக்கில் இருக்கிறது. புதிதாக மேடை ஏறுகிறவர்கள் வாக்கியத்தை உரக்கத் தொடங்குவார்கள். பாதியில் மூச்சு தீர்ந்துபோகும். கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடும். பின்வரிசைக்குப் போய்ச் சேருவது தலையும் உடம்பும்தான், வினை போய்ச் சேராது. ‘என்னவோ பேசினாங்க, ஒண்ணும் பிடிபடல’ என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். பேசியவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். விஷயம் இருந்தது, மூச்சு இல்லை.

இதற்கு மருந்து ரெண்டு. ஒன்று, வாக்கியத்தை வெட்டு. ‘வந்து, பார்த்து, கேட்டு, அதற்குப் பிறகு’ என்று எச்சமாகவே கோத்துக்கொண்டு போகாதே. எட்டுப் பத்துச் சொல்லுக்குள் ஒரு முற்று வரட்டும். ரெண்டாவது, முற்றுப்புள்ளியில் வாயை மூடி மூக்கால் மூச்சு எடு. வயிறு முன்னால் வர வேண்டும், தோள் மேலே ஏறக் கூடாது. தோள் ஏறினால் அது மேல்மூச்சு, அரை வாக்கியத்துக்குத்தான் தாங்கும். பயிற்சிக்கு இப்படிச் செய்: தினமும் பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மற்ற சொற்களை விடக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் நிறுத்தி வாசி. மூன்று நாள் செயற்கையாக இருக்கும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

மூச்சு எடுக்கும் அந்த ஒரு நொடி உனக்கு ஒரு யுகமாகத் தெரியும். அந்த பயத்தில்தான் எல்லாரும் ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’ போட்டு இடைவெளியை அடைக்கிறார்கள். நீ டெலிபோனில் நிமிஷத்துக்கு ஆறு ‘வந்து’ போடுவாய், எண்ணியிருக்கிறேன். ‘வந்து’ வரப்போகிறது என்று தோன்றும்போது உதட்டை மூடிக்கொள். மூடிய உதட்டில் ‘வந்து’ வராது.

அடுத்தது, எழுத்துத் தமிழிலேயே முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யும் வேலை வேண்டாம். பேச்சுப் போட்டிப் பிள்ளைகள் படுகிற பாடு அது: ‘ஆதலினால்’ என்ற ஒரு சொல் மறந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் சங்கிலி அறுந்த மாதிரி போய்விடும். வணக்கமும் முதல் மூன்று நாலு வாக்கியமும், முடிக்கும் ரெண்டு வாக்கியமும் மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும். நெஞ்சு அதிகம் படபடப்பது முதல் ஒன்றிரண்டு நிமிஷம்தான். அந்த நேரத்தை மனப்பாடம் தாண்ட வைத்துவிடும். நடுவில் உள்ளதற்குக் குறிப்பு போதும். குறிப்பையும் நீ பேசுகிற தமிழிலேயே எழுது. ‘கலக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தால் வாய் அப்படியே சொல்லும், குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாகிவிடும். ‘கலக்கணும்’ என்று எழுதினால் வார்டில் பேசுகிற செல்வி வருவாள். தொடக்க வணக்கம் மட்டும் நல்ல தமிழில் இருக்கட்டும், சபைக்கு அது மரியாதை.

வணக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. மேடையில் ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது பேரையும் அடைமொழியோடு கூப்பிட மூன்று நிமிஷம் ஆகும். உன் ஏழில் மூன்று போய்விடும். தலைமை ஆசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், ரெண்டு பேர் பெயரையும் சரியாக விசாரித்து அட்டையில் எழுதிக்கொள். மற்ற எல்லாரையும் ஒரே வரியில் சேர்த்து வணங்கு. குறளில் தொடங்காதே. உனக்கு முன்னால் பேசிய நாலு பேரும் குறளில்தான் தொடங்கியிருப்பார்கள், அதில் ரெண்டு பேர் ஒரே குறளைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து 73-ஆம் அதிகாரத்தைப் படி. அவையஞ்சாமைக்கு என்று வள்ளுவர் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறைய உண்டு, சபையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள் அபூர்வம் என்கிறார். உனக்கு மட்டும் வந்த பயம் இல்லை இது.

பயத்துக்கு உடம்பில் செய்ய வேண்டியது உனக்கே தெரியும், நான் நர்ஸுக்குச் சொல்வதா? இருந்தாலும் சொல்கிறேன். முறை வருவதற்கு முன் நாற்காலியில் இருந்தபடியே நாலு எண்ணி மூச்சை இழு, எட்டு எண்ணி விடு, ஆறேழு தடவை. காபி வேண்டாம், படபடப்பு கூடும். தொண்டையைச் செருமாதே, செருமினால் குரல்நாண் உரசிக் கரகரப்புதான் கூடும். எச்சிலை விழுங்கு, இல்லையென்றால் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர். கை நடுங்கினால் நடுங்கட்டும், ஆனால் கையில் முழுத் தாள் இருந்தால் கடைசி வரிசைக்கும் நடுக்கம் தெரியும். தபால் அட்டை அளவுக்குக் கெட்டி அட்டை நாலு எடுத்து, மூலையில் எண் போட்டு, நூலால் கோத்துக்கொள். மேடையில் பெரிய ஃபேன் வைத்திருப்பார்கள், தாள் என்றால் பறந்தே போகும்.

பேச்சு மறந்துவிட்டால் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டு அட்டையைப் பார். கேட்கிறவர்கள் அழுத்திச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘மன்னிக்கணும், மறந்துட்டேன்’ என்று மட்டும் சொல்லாதே.

கண்ணை டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டாதே. நாலு முகம் பிடித்துக்கொள்: முன்னால் ஒரு பிள்ளை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் நிற்கிற ஒரு அம்மா. ஒரு முகத்துக்கு ஒரு முழு வாக்கியம். சுற்றியிருக்கிற பத்துப் பேருக்கும் தன்னைப் பார்த்துப் பேசுவது போலத்தான் இருக்கும்.

மைக்செட்காரரிடம் அரை மணி முன்னால் போய்ப் பேசிவிடு. உனக்கு முன்னால் பேசுகிறவர் ஆறடி இருப்பார், அவர் விட்ட உயரத்திலேயே மைக் நிற்கும். நீ கழுத்தை நீட்டிக்கொண்டு பேசினால் குரல் இறுகும். கூச்சப்படாமல் இறக்கச் சொல். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. நேராக வாய்க்கு முன்னால் வேண்டாம், சற்றே பக்கவாட்டில் இருந்தால் ‘ப’ வரும்போது குண்டு வெடிக்காது. தட்டிப் பார்க்காதே, ஊதாதே. மைக் ‘ஊய்’ என்று கத்தினால் ஸ்பீக்கரில் வந்த சத்தமே திரும்ப மைக்குக்குள் போகிறது என்று அர்த்தம். கையால் மைக்கின் தலையைப் பொத்தினால் இன்னும் கத்தும். மைக்குக்குக் கிட்டே போய் நில், அவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

நம்ம மைதானத்தில் வேப்பமரத்தடியிலும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டுவார்கள், ஞாபகம் இருக்கா? ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கிற பாக்ஸிலிருந்து உன் குரல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக உனக்கே திரும்ப வரும். அதைக் காதால் தொடர்ந்தால் நாக்கு குழறும். அதைக் கேட்காதே, முற்றுப்புள்ளியில் நீ நிறுத்துகிற நிறுத்தம்தான் அந்த எதிரொலி அடங்கவும் நேரம் தரும்.

செல்வி, ஒன்று நிஜமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த மண்ணில் நாம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். நீ போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசுவார், ஒரு பிள்ளைக்கும் ஒரு லிட்டர் தண்ணீர்க் கணக்கு தெரியாமல் வீட்டுக்குப் போகும். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு நிமிஷத்தையும் நின்றுகொண்டே பேசி, போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. உட்கார்ந்து பேசினால் வயிறு மடங்கிப்போகும், கண்டுபிடித்துவிடுவேன். முதல் தடவை நான் எதையும் கேட்க மாட்டேன், வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் கேட்பேன்.

உன்,
மீனா

பி.கு: அன்றைக்குக் கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. கலக்கும்போது பாட்டிலில் இடித்து, மைக்கில் அதுதான் பேசும்.