முதலாளிகளே, உங்கள் டைம்ஷீட்டை அன்றன்றே எழுதுங்கள்

அமெரிக்க அரசின் ஒப்பந்தங்களை எடுத்துச் செய்யும் சிறுநிறுவன முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றவர்களின் கணக்கு வழக்கைப் பார்ப்பவன் நான். தணிக்கைக்கு முன் கோப்பைப் புரட்டும்போது என் வயிற்றைக் கலக்குவது ஊழியர்களின் டைம்ஷீட் (எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் தாள்) அல்ல, முதலாளியுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு, எட்டு, எட்டு என்று ஒரே மூச்சில், ஒரே பேனாவில் நிரப்பியிருக்கும். சிலரிடம் அதுகூட இருக்காது. “நான் கம்பெனித் தலைவர், என் சம்பளம் முழுக்க ஓவர்ஹெட்தானே?” என்பார்கள். அதாவது, எந்த ஒரு ஒப்பந்தத்துக்கும் தனியாகச் சேராத பொதுச் செலவுதானே என்று.

இல்லை. பதவியை வைத்துச் செலவை வகைப்படுத்த முடியாது. செய்த வேலையை வைத்துத்தான் முடியும். காலையில் ஒப்பந்தத்துக்கான கருவியை நீங்களே சோதித்தால் அது அந்த ஒப்பந்தத்தின் நேரடிச் செலவு. மதியம் அடுத்த ஒப்பந்தத்தைக் கேட்டுப் புது ப்ரொப்போசல் எழுதினால் மறைமுகச் செலவு, அதாவது ஓவர்ஹெட் போன்ற பொதுச் செலவு. ஒரே நோக்கத்துக்கு, ஒரே மாதிரிச் சூழலில் ஆகும் செலவை ஓரிடத்தில் நேரடியாகவும் இன்னோரிடத்தில் மறைமுகமாகவும் காட்டக் கூடாது என்கிறது அமெரிக்க அரசின் கொள்முதல் விதித்தொகுப்பான எஃப்.ஏ.ஆர்.-இன் 31.202 பிரிவு. ஒப்பந்தத்தில் பணம் இருக்கும்வரை உங்கள் நேரத்தை அதில் ஏற்றிவிட்டு, பணம் தீர்ந்ததும் அதே வேலையை ஓவர்ஹெட்டில் தள்ளுவது இந்த விதிக்கு நேர் விரோதம். சி.ஏ.எஸ். எனும் செலவுக் கணக்கியல் தரநிலைகளிலிருந்து சிறுநிறுவனங்களுக்கு விலக்கு உண்டுதான். அந்த விலக்கு இதற்குச் செல்லாது.

இன்னொன்று, சம்பளம் இல்லாத கூடுதல் நேரம். உங்கள் வாரச் சம்பளம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 மணி நேரம் உழைக்கிறீர்கள்: ஒப்பந்தத்துக்கு 40, ப்ரொப்போசலுக்கு 20. இரவில் கண்விழித்து எழுதிய அந்த 20-ஐ விட்டுவிட்டால் 3,000 டாலரும் ஒப்பந்தத்தின் தலையில் விழும். 60-ஐயும் எழுதினால் மணிக்கு 50 டாலர், ஒப்பந்தத்தின் பங்கு 2,000. செலவை ஈடுசெய்யும் ஒப்பந்தமாக இருந்தால் மீதி 1,000 டாலர் அரசிடம் கூடுதலாக வாங்கிய பணம். ஏமாற்றும் எண்ணம் உங்களுக்குத் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். தணிக்கையாளர் கையில் இருப்பதோ காகிதம் மட்டும்தான்.

அதனால் கேட்கிறேன்: விளக்கை அணைக்கும் முன் அன்றைய மணிகளை எழுதிவிடுங்கள், சம்பளம் இல்லாதவற்றையும் சேர்த்து. தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூச வேண்டாம். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, சுருக்கொப்பம் இடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்காளர்களில் ஒருவன்